செட்டியார்பட்டி வெயிலில் ஒரு தோல் ஜாக்கெட்

வெளிநாட்டு பைக் ஜாக்கெட் எதை வாங்கினாலும் கூட வரும் சிறு கையேட்டில் ஓர் அறிவுரை இருக்கும்: சில மாதங்களுக்கு ஒருமுறை கண்டிஷனர் தடவுங்கள், தோல் வறண்டுபோக விடாதீர்கள். எழுதியவர் தவறாக ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய நாட்டில் குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் ஹீட்டர் ஓடும். அறைக்காற்றின் ஈரப்பதம் 20, 30 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். அந்த அறையில் தொங்கும் தோல் காயத்தான் செய்யும். அதே அறிவுரையை இராஜபாளையம் பக்கத்துச் செட்டியார்பட்டியில், இரும்பு பீரோவுக்குள் தொங்கும் ஜாக்கெட்டுக்குக் கடைப்பிடித்தால் கார்த்திகை முடிவதற்குள் காலரில் பூசணம் பூத்துவிடும்.

இந்தப் பகுதியின் வானிலை அப்படி. மேற்கே மலை. சித்திரை, வைகாசியில் தார்ச்சாலை கொதிக்கும். ஆனி, ஆடியில் ஊரில் காற்று மட்டும் அடிக்க, பைக்கை எடுத்துக்கொண்டு கொல்லம் சாலையில் தெற்கே போனால் தென்காசிக்கு அப்பால் குற்றாலச் சாரல் மேலே விழும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. துவைத்த வேட்டி இரண்டு நாளானாலும் காயாது. ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம், சேத்தூர்ப் பக்கத்துப் பையன்கள் ஞாயிற்றுக்கிழமை விடியலில் புல்லட்டைக் கிளப்பி ஆரியங்காவு வரை போய்வரும்போது, ஒரே ஜாக்கெட் ஒரே நாளில் புழுக்கம், தூறல், உச்சிவெயில் மூன்றையும் பார்த்துவிடுகிறது. இந்த வெக்கையில் தோல் ஜாக்கெட் தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. தார்ச்சாலையில் ஒருமுறை உரசி எழுந்தவர்கள் கேட்பதில்லை.

ஆக, அந்த ஜாக்கெட்டை இங்கே எப்படிக் காப்பாற்றுவது? அதற்கு முதலில் தோல் என்ன பொருள் என்று தெரிய வேண்டும். தோலுக்குள் என்ன இருக்கிறது என்று உலகத்துக்குச் சொன்னதே நம் சென்னைதான்.

மாட்டுத்தோலோ ஆட்டுத்தோலோ, மயிரையும் சதையையும் கொழுப்பையும் நீக்கிவிட்டால் மிஞ்சுவது பெரும்பாலும் கொலாஜன் என்ற ஒரே புரதம். 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தார் ஜி.என். ராமச்சந்திரன், அப்போது அவருக்கு ஏறத்தாழ முப்பது வயது. சென்னைக்கு வந்திருந்த பிரிட்டிஷ் அறிஞர் ஜே.டி. பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னது அவர் மனதில் தைத்தது. 1948இல் உருவான மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருந்தது. கொலாஜன் மாதிரிகளுக்கு அந்த நிலையம் கைகொடுத்தது. கங்காருவின் வால் தசைநாரில் எடுத்த எக்ஸ்-கதிர்ப் படங்கள்தாம் தெளிவாக விழுந்தன. கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 1954இல் ‘நேச்சர்’ இதழில் அவர் வெளியிட்டு, அடுத்த ஆண்டே திருத்தி மெருகேற்றிய மாதிரிதான் முச்சுருள்: மூன்று புரதச் சங்கிலிகள், ஆண்டாள் தேர் வடத்தின் புரிகளைப் போல, ஒன்றை ஒன்று முறுக்கிக் கிடக்கின்றன. ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றுக்கு ஒன்று கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம். அது அவ்வளவு சிறியதாக இல்லாவிட்டால் மூன்றும் இத்தனை நெருக்கமாகப் பின்ன முடியாது. தோல் ஆராய்ச்சி நிலைய வளாகத்தில் ஓர் அரங்கத்துக்கு இன்றும் ‘ட்ரிப்பிள் ஹீலிக்ஸ்’ என்றே பெயர்.

ஒரு முச்சுருளின் நீளம் சுமார் 300 நானோமீட்டர், தடிமன் ஒன்றரை நானோமீட்டர். இவை கற்றையாகி நுண்ணிழைகள். நுண்ணிழைகள் சேர்ந்து நார்கள். நார்கள் எல்லாத் திசையிலும் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னித் தோல். தறியில் நெய்த துணிக்குப் பாவு, ஊடை என்று இரண்டே திசை. ஓர் இழை அறுந்தால் கிழிசல் அந்த வழியாக ஓடும். தோலில் கிழிசலுக்கு அப்படி நேர்வழி கிடைப்பதில்லை. சாலையில் உரசும்போது தோல் தாக்குப்பிடிப்பதற்கு முதல் காரணம் இந்தப் பின்னல்தான்.

உயிருள்ள தோலில் நார்களுக்கு இடையே தண்ணீர் நிறைந்திருக்கிறது. உரித்த தோலை அப்படியே காயவிட்டால் தண்ணீர் வெளியேறும்போது நார்களை ஒன்றோடொன்று இழுத்து ஒட்டவைத்துவிட்டுப் போகும். பறையிலும் மிருதங்கத்திலும் போர்த்தும் தோல் விறைத்து நாதம் தருவது இதனால்தான். ஆனால் தோள் மடங்க, முழங்கை வளைய வேண்டிய உடைக்கு அந்த விறைப்பு ஆகாது. நார்கள் ஒட்டாமல், அழுகாமல், அதே சமயம் வழுக்கி நகரும்படி செய்ய வேண்டும். பதனிடும் தொழில் முழுவதும் இந்த மூன்றுக்காகத்தான்.

தென் மாவட்டங்களில் அந்தத் தொழிலுக்கு நெடுங்காலமாக மூலப்பொருளாக இருந்தது ஆவாரை. கரிசலிலும் செம்மண் பொட்டலிலும் தானாக முளைத்து மஞ்சளாகப் பூக்கும் அதே செடி. அதன் பட்டையிலும், கூடவே சேர்க்கும் கடுக்காயிலும் இருக்கும் டானின் கொலாஜன் நார்களைப் பிடித்துக்கொண்டு அழுகலைத் தடுக்கும். கடைசியில் புங்க எண்ணெயோ நல்லெண்ணெயோ தடவி முடிப்பார்கள். இப்படிப் பதனிட்ட தோல் மதராஸ் துறைமுகத்திலிருந்து ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்ற பெயரில் லண்டனுக்குக் கப்பல் கப்பலாகப் போனது. ஊருக்குள் அதே தோல் செருப்பானது, கமலையில் தண்ணீர் இறைக்கும் தோல் வாலானது. இந்த வேதியியலைக் கைப்பழக்கமாக வைத்திருந்தவர்களைச் சாதி சொல்லி ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு, அவர்கள் செய்த தோலில் வயலுக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்ட சமூகம் நம்முடையது. இந்த அறிவு ஏட்டில் ஏறாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

கமலைக்கு இந்தக் கதையில் இன்னொரு பங்கும் உண்டு. 1903 வாக்கில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி மதராஸில் குரோமியம் உப்பால் பதனிடும் புது முறையைச் சோதிக்கத் தொடங்கினார். அந்தத் தோலுக்கு அவர் தேடிய முதல் பயன்களில் ஒன்று, கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் தோல் பைகள். ஆவாரம்பட்டைத் தோல் நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறினால் டானின் கரைந்து சீக்கிரம் கெட்டுப்போகும்; குரோம் தோல் தாங்கும். பிறகு பல்லாவரம் பக்கம் அமைந்த குரோம் லெதர் கம்பெனியால் குரோம்பேட்டைக்கே பெயர் வந்தது. இன்று உலகில் பதனிடும் தோலில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் குரோம் முறைதான். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை வழியாக வரும் ஆடைத்தோலும் பெரும்பாலும் அதுவே. அதற்குப் பாலாறு கொடுத்த விலை தனிக்கதை. 1996இல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ப்பான கதை.

குரோமியம் அயனிகள் பக்கத்துப் பக்கத்துக் கொலாஜன் சங்கிலிகளை இறுகப் பிணைக்கின்றன. பதனிடாத ஈரத்தோல் 60, 65 டிகிரி சூட்டிலேயே சுருங்கிக் கூழாகும். செடிப்பட்டைத் தோல் 75 முதல் 85 வரை தாங்கும். நன்றாகப் பதனிட்ட குரோம் தோல் 100 டிகிரிக் கொதிநீரிலும் சுருங்காது. அதனால் உங்கள் ஜாக்கெட் வெயிலில் சுருங்கிப்போகும் என்ற பயம் வேண்டாம். வெயில் கெடுப்பது வேறொன்றை. அது என்ன என்று பார்க்க, பதனிட்ட பிறகு ஆலையில் நடக்கும் அடுத்த வேலைக்கு வர வேண்டும்.

குரோமில் பதனிட்டு வெளிவரும் தோல் நீலநிறமாக, ஈரமாக இருக்கும். தொழிலில் ‘வெட் ப்ளூ’ என்பார்கள். அப்படியே காயவைத்தால் அதுவும் விறைக்கும். எனவே பெரிய மர டிரம்மில் சுமார் 50, 60 டிகிரி வெந்நீரோடு போட்டு, ‘ஃபேட்லிக்கர்’ என்ற எண்ணெய்க் கலவையை ஊற்றிச் சுழற்றுவார்கள். சாதாரண எண்ணெய் தண்ணீரில் மிதக்கும், நார்களுக்குள் புகாது. கந்தக அமிலத்தால் எண்ணெயின் ஒரு பகுதியை மாற்றினால் அது தண்ணீரில் பால்போலக் கலந்துவிடும். விளக்கெண்ணெயை இப்படி மாற்றினால் கிடைப்பது டர்க்கி ரெட் ஆயில். சாயப்பட்டறைக்காரர்களுக்குப் பழக்கமான சரக்குதான். இந்த எண்ணெய்த் துளிகளுக்கு எதிர்மின்னூட்டம்; குரோம் ஏறிய தோலுக்கு நேர்மின்னூட்டம். இரண்டும் இழுத்துக்கொள்ள, எண்ணெய் நார்களின் உள்ளே போய்ப் பூச்சாக அமர்கிறது. தண்ணீர் வெளியேறிய பிறகும் நார்கள் ஒட்டாமல் ஒன்றின் மேல் ஒன்று வழுக்குவது இந்தப் பூச்சால்தான். ஆடைத்தோலின் எடையில் பத்து விழுக்காட்டுக்கு மேல்கூட இப்படிக் கொழுப்பு இருக்கும்.

ஆக ஜாக்கெட் மென்மையாக இருப்பதற்குத் தேவையான எண்ணெய், வெந்நீரும் டிரம்மும் மின்னூட்டமும் சேர்ந்து ஆலையிலேயே ஏறிவிட்டது. நாம் பஞ்சில் தொட்டுத் தடவுவது அந்த வேலையை மறுபடி செய்யாது. மேற்புறத்தில் ஒரு கதவு வேறு இருக்கிறது. பெரும்பாலான பைக் ஜாக்கெட்டுகளின் தோலுக்கு மேல் நிறமியும் அக்ரிலிக் அல்லது பாலியூரித்தேன் பூச்சும் உண்டு. மழையும் வெயிலும் உடனே தாக்காமல் காப்பது அந்த மெல்லிய படலம்தான். கண்டிஷனரை வெளியே நிறுத்துவதும் அதேதான். உங்கள் ஜாக்கெட்டில் படலம் எவ்வளவு என்று தெரிய, கண்ணில் படாத ஓர் இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சொட்டு அப்படியே முத்தாக நின்றால் பூச்சு நன்றாக இருக்கிறது. மேலே தடவும் எதுவும் அதிகம் உள்ளே போகாது. தண்ணீர் ஊறித் தோல் கருத்தால் அது பூச்சில்லாத, அல்லது பூச்சு தேய்ந்த தோல். எண்ணெயும் அங்கே அதே வேகத்தில் ஊறும், அளவு மீறினால் கறையாகவும் நிற்கும்.

சொட்டு வைக்கும் முன் இன்னொன்றையும் பார்த்துவிடுவது நல்லது: அது தோல்தானா? கடைவீதியில் ‘லெதர்’ என்று மலிவாக விற்பதில் பெரும்பங்கு துணியின் மேல் பாலியூரித்தேன் பூசிய சரக்கு. பழைய பேச்சில் ரெக்சின். பாக்கெட் ஓரத்திலோ ஜிப்புக்குப் பின்னாலோ வெட்டிய விளிம்பு தெரியும் இடத்தைப் பாருங்கள். தோலானால் நார் நாராக இருக்கும். மற்றது நெய்த துணியும் வழுவழுப் படலமும் ஒட்டிய இரட்டை அடுக்கு. பாலியூரித்தேனில் மலிவான வகைகளைக் காற்றின் ஈரமே மெல்ல மெல்ல அறுக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் சில ஆண்டுகளில் அது செதில் செதிலாக உரிவதை எந்தக் கண்டிஷனரும் தடுக்காது. அதற்குச் செலவழிக்கும் பணத்தை அடுத்த ஜாக்கெட்டுக்குச் சேர்த்துவைக்கலாம்.

எண்ணெய் பூசும் பழக்கத்தைப் பற்றி ஜாக்கெட்காரர்களைவிடப் பல மடங்கு அனுபவம் உள்ளவர்கள் நூலகர்களும் அருங்காட்சியகத்தாரும். தோல் அட்டை போட்ட பழைய புத்தகங்களுக்கு லனோலின், மாட்டுக்கால் எண்ணெய், தேன்மெழுகு எனப் பல கலவைகளைத் தலைமுறைக் கணக்கில் தடவி வந்தார்கள். பின்னால் திரும்பிப் பார்த்தபோது தடவிய தோல்கள் பல இடங்களில் கருத்து, பிசுபிசுத்து, தூசியை ஈர்த்து, மேலே வெள்ளை பூத்துக் கிடந்தன. ஆயுள் கூடியதற்கு உருப்படியான சான்று இல்லை. இன்று பெரும்பாலான பாதுகாப்பு வல்லுநர்கள் வழக்கமாக எண்ணெய் தடவுவதை வேண்டாம் என்கிறார்கள். புத்தகம் வியர்ப்பதில்லை, மழையில் நனைவதில்லை, உண்மைதான். ஆனாலும் கண்டிஷனர் டப்பாவின் மேல் எழுதியிருப்பதை அப்படியே நம்பும் முன் இந்த அனுபவத்தையும் நினைவில் வைக்கலாம்.

நம் பக்கத்தில் டப்பா வாங்குபவர்களைவிடத் தேங்காய் எண்ணெயை எடுப்பவர்கள்தாம் அதிகம். செருப்புக்குத் தடவினோம், பெல்ட்டுக்குத் தடவினோம், ஜாக்கெட்டுக்கு என்ன கேடு? முழுக்கத் தப்பான யோசனை என்று சொல்ல மாட்டேன். தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழ 90 விழுக்காடு நிறைகொழுப்பு. அதனால் ஆளிவிதை எண்ணெய்போலக் காற்றில் காய்ந்து கெட்டிப்படாது. சிக்கல் வேறிடத்தில். அது 24, 25 டிகிரிக்குக் கீழே உறையும் எண்ணெய். மார்கழிக் காலையில் பாட்டில் உறைந்துபோவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். தோலுக்குள் போன எண்ணெயும் வெயிலில் இளகி நகர்ந்து, குளிரில் மேற்பரப்புக்கு வந்து வெண்படலமாக உறையும். தைத்த இடங்களில் தேங்கித் தூசியைப் பிடித்துவைக்கும். செக்கில் ஆட்டிய, வடிகட்டாத எண்ணெயில் மிச்சமிருக்கும் துகளும் ஈரமும் பூசணத்துக்கு நல்ல தீனி. அதிகம் குடித்த தோல் தளர்ந்து நீளும். சாலையில் விழும்போது உடம்போடு ஒட்டி நிற்க வேண்டிய உடைக்கு அந்தத் தளர்ச்சி நல்லதல்ல. விளக்கெண்ணெய் உறையாது, காயவும் செய்யாது. ஆனால் அதன் கெட்டித்தன்மையால் மேலேயே பசையாக நிற்கும். நல்லெண்ணெய் மெல்லக் காற்றேறிப் பிசுக்காகும். புங்க எண்ணெயை ஆலையில் தடவினார்கள் என்றால் அது பூச்சே இல்லாத, பிறகு முடிப்பு வேலைக்குப் போகப்போகிற தோலுக்கு. அடுக்களை எண்ணெய்களை அடுக்களையிலேயே விட்டுவிடுவது உத்தமம்.

மேலே வெள்ளை பூத்திருந்தால் அது எண்ணெயா பூசணமா என்று குழம்புவது சகஜம். ஹேர் டிரையரை இளஞ்சூட்டில் வைத்துச் சற்றுத் தள்ளிக் காட்டுங்கள். உருகி மறைந்தால் கொழுப்பு. மறையாமல், தொட்டால் பஞ்சுபோல ஒட்டி, மண்வாடை அடித்தால் பூசணம். மூன்றாவதாக ஒன்று உண்டு. உருகவும் மாட்டாது, நெடியும் இருக்காது, ஈரத்துணியில் துடைத்தால் கரையும், காய்ந்ததும் வளையமாகத் திரும்ப வரும். அது உப்பு. நம் வியர்வையிலிருந்து வந்தது.

இந்த ஊர் ஜாக்கெட்டுக்கு முதல் எதிரி என்று நான் சொல்வது அந்த உப்பைத்தான். சோடியம் குளோரைடு காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையும்; மழைக்காலத்தில் உப்புப் பானை கசிவது அதனால்தான். சித்திரை முழுக்கக் கழுத்திலும் மணிக்கட்டிலும் முதுகிலும் இறங்கிய உப்பு, ஐப்பசியில் ஈரம் பிடிக்கத் தொடங்குகிறது. ஜாக்கெட்டின் மற்ற பகுதி காய்ந்திருக்க, காலர் மட்டும் எப்போதும் நமுத்திருக்கும். வியர்வையில் உள்ள யூரியாவைப் பாக்டீரியா அம்மோனியாவாக்கும், காரம் ஏறும். தோலோ இயல்பாக அமிலத்தன்மை கொண்டது, அதன் பி.எச். அளவு 3.5 முதல் 4.5 வரை. காரம் ஏற ஏறச் சாயமும் பிணைப்பும் தளரும். காலரின் உட்புறம் முதலில் வெளுத்து வெடிப்பது வறட்சியால் என்று நினைத்து அங்கே கண்டிஷனரை அப்புகிறோம். அங்கே தேவைப்படுவது உப்பை வெளியேற்றுவது. பயணம் முடிந்து வந்ததும், சுத்தமான தண்ணீரில் நனைத்து ஒட்டப் பிழிந்த துணியால் காலர், கைமுனை, உட்புறத் தோல் விளிம்பு ஆகியவற்றைத் துடைத்துவிட்டுக் காற்றாடத் தொங்கவிட்டால் பாதி வேலை முடிந்தது. கழற்றக்கூடிய லைனிங் என்றால் அதைத் தனியே துவைக்கலாம். துணிக்கு இந்த வட்டாரத்தில் பஞ்சமில்லை. சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணியோ பழைய வேட்டிக் கிழிசலோ, சாயம் போகாத வெள்ளைப் பருத்தியாக இருந்தால் போதும்.

துடைக்கும் தண்ணீரில் சோப்பு கலக்கும்போது கவனம் வேண்டும். துணி சோப்பின் பி.எச். 9, 10 இருக்கும். மேலே சொன்ன அமிலச் சமநிலையை அது ஒரே துடைப்பில் குலைக்கும். அழுக்கு அதிகமென்றால் மிதமான பேபி ஷாம்பு ஒரு சொட்டு. அதையும் மறுதுணியில் நன்றாக எடுத்துவிட வேண்டும். செடிப்பட்டையில் பதனிட்ட ஜாக்கெட்டோ பெல்ட்டோ வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. இரும்பு கலந்த போர்வெல் தண்ணீர் பட்டால் கருப்புப் புள்ளி விழும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து அந்தக் காலத்தில் மை காய்ச்சிய அதே வேதிவினை ஜாக்கெட்டின் மேலேயே நடக்கிறது.

பூசணத்தின் கணக்கு எளிது. ஈரப்பதம் 70 விழுக்காட்டுக்கு மேல் சில நாள் நின்றால் அதன் வித்துகள் முளைக்கும். இருட்டும் அசையாத காற்றும் அதற்கு இன்னும் சௌகரியம். இரும்பு பீரோ இந்த இரண்டையும் தருகிறது. ஜாக்கெட்டைப் பாலித்தீன் உறைக்குள் போட்டால் கேட்கவே வேண்டாம். இந்த வட்டாரத்துக்காரர்களுக்கு ஈரப்பதம் புதிய பாடம் அல்ல. 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் காலத்திலிருந்தே இங்கே நூற்பாலைகள். காற்று காய்ந்தால் நூல் அறும் என்று ஆலைக்குள் ஈரத்தைத் தெளித்து 55, 60 விழுக்காட்டில் நிறுத்துவது ஷிஃப்டுக்குப் போகும் எவருக்கும் தெரியும். தோலுக்குச் சுகமான அளவும் ஏறத்தாழ அதே பக்கம்தான், 45 முதல் 55 வரை. அந்த அளவு காட்டும் சிறு மானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கண்டிஷனருக்கு முன்னால் வாங்க வேண்டிய சாமான் அது. மழைக்காலத்தில் ஜாக்கெட்டைப் பீரோவிலிருந்து எடுத்து, ஆள் நடமாட்டமும் மின்விசிறியும் உள்ள அறையில், தோள் அகலத்துக்கு ஏற்ற தடித்த ஹேங்கரில் மாட்டிவிடுவது நல்லது. மேலே தூசி படாமலிருக்கப் பழைய பருத்திச் சேலை போதும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களை ஜாக்கெட் பாக்கெட்டில் போடுவதால் பீரோ அளவுக்குப் பெரிய பயன் கிடையாது. அந்துருண்டை பூச்சிக்குத்தான், பூசணத்துக்கு அல்ல. பூசணம் வந்தேவிட்டால் வீட்டுக்கு வெளியே எடுத்துப்போய் மென்மையான பிரஷ்ஷால் தட்டி, சர்ஜிகல் ஸ்பிரிட்டும் தண்ணீரும் சரிபாதி கலந்து துணியில் தொட்டு லேசாகத் துடைக்கலாம். ஸ்பிரிட் சில பூச்சுகளைக் கரைக்கும் என்பதால் மறைவான இடத்தில் முதலில் சோதித்துக்கொள்ள வேண்டும்.

சாரலில் நனைந்து வந்த ஜாக்கெட்டை நம் ஆட்கள் உடனே மொட்டைமாடி வெயிலில் விரிப்பார்கள். முன்பு சொன்ன விறைப்பு இங்கேதான் நேரும். ஈரம் அவசரமாக வெளியேறும்போது நார்களை இழுத்து ஒட்டவைக்கும். சூட்டில் இளகிய கொழுப்பும் இடம்பெயரும். மாலையில் எடுத்தால் அப்பளம்தான். செய்ய வேண்டியது நேர்மாறு: உள்ளும் புறமும் தண்ணீரை ஒற்றி எடுத்து, பாக்கெட்டுகளைக் காலி செய்து, ஜிப்பைத் திறந்து, நிழலில் மின்விசிறிக் காற்றில் ஒன்றிரண்டு நாள் விட வேண்டும். லேசான நமுப்பு மிச்சமிருக்கும்போதே முழங்கையையும் தோளையும் கையால் மடக்கி நீட்டிவிட்டால் நார்கள் ஒட்டாமல் பிரிந்து நிற்கும். ஆலையில் காய்ந்த தோலை இயந்திரத்தில் போட்டு இழுத்துத் தளர்த்துவதும் இதே காரணத்துக்காகத்தான்.

வெயிலைப் பற்றி வேறொரு சமாசாரமும் உண்டு. தோலில் இருக்கும் குரோமியம் மூன்று இணைதிறன் கொண்டது, பெரிய தீங்கில்லாதது. புற ஊதாக் கதிரும் சூடும் நிறைவுறாக் கொழுப்பும் சேர்ந்தால் அதில் மிகச் சிறு பகுதி ஆறு இணைதிறன் வடிவுக்கு மாறக்கூடும். அது தோல் ஒவ்வாமை தரும் வடிவம். ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே மாதத்திலிருந்து உடம்பில் படும் தோல்பொருள்களில் இதற்குக் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்று வரம்பு கட்டியிருக்கிறது. ஒரு நாள் வெயிலில் காய்ந்த ஜாக்கெட்டைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. மீன் எண்ணெய், ஆளிவிதை எண்ணெய் போன்றவற்றைத் தடவி மாடியில் போட்டுவைப்பது மட்டும் எல்லா வகையிலும் வேண்டாத வேலை.

இவ்வளவும் சொன்ன பிறகு, கண்டிஷனரே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முழங்கை, தோள்மடிப்பு, இடுப்புக்கு மேல் சுருங்கும் வரி ஆகிய இடங்களில் பூச்சு தேய்ந்து மெல்லிய கீறல்கள் விழும். தண்ணீர்ச் சொட்டு ஊறுவதும் அங்கேதான். அந்த இடங்களுக்குத் தேவை உண்டு. நீர் கலந்த, பால்போன்ற வகையாகப் பார்த்து, துணியில் பட்டாணி அளவு எடுத்து, தேய்ந்த இடத்தில் மட்டும் தடவி, ஓர் இரவு விட்டு, உறிஞ்சாமல் மிஞ்சியதை மறுநாள் துடைத்துவிடுவது போதும். ஜாக்கெட் முழுக்கப் பளபளக்கும்வரை தேய்ப்பது மனத்திருப்திக்கு. மெழுகு அதிகமுள்ள வகைகள் காற்றுத் துளையிட்ட கோடைக்கால ஜாக்கெட்டின் துளைகளையே அடைத்துவிடும். அப்புறம் 38 டிகிரியில் அதைப் போட்டுக்கொண்டு எங்கே போவது?

தோலைவிட முன்னதாகக் கைவிடுவது பல ஜாக்கெட்டுகளில் தையல். தடிமன் ஒரு மில்லிமீட்டருக்கு மேலுள்ள நல்ல மாட்டுத்தோல் சாலையில் உரசியும் நிற்க, நூல் அறுந்து தோள் பிரிந்தால் அந்தத் தோலால் என்ன பயன்? நைலான், பாலியெஸ்டர் நூல்கள் பூசணத்துக்கு அசையாது; பருத்தி நூலில் தைத்த பழைய ஜாக்கெட் அழுகும். ஆண்டுக்கு ஒருமுறை தோள், பக்கவாட்டு, கைத் தையல்களை விரலால் இழுத்துப் பார்க்க வேண்டும். பிரிந்திருந்தால் துணித் தையல்காரரிடம் போகாமல், பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் செருப்பும் பையும் தைப்பவரிடம் கொடுங்கள். பழைய துளைகளிலேயே ஊசி ஏற்றத் தெரிந்தவர் அவர். தோலில் புதுத் துளை போட்டால் பழைய துளை மூடாது. தபால்தலை ஓரம் மாதிரி அந்த வரியிலேயே கிழியும். ஜிப் இறுகினால் பற்களில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் போதும். ஒருமுறை பலமாக விழுந்து எழுந்த ஜாக்கெட்டானால் உள்ளிருக்கும் தோள், முழங்கைத் தடுப்புப் பட்டைகளைக் கழற்றி, வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து மாற்ற வேண்டும். வெளியே கீறல் இல்லை என்பதை வைத்து முடிவுசெய்ய முடியாது.

கண்டிஷனரை எப்போது தடவுவது என்பதில் இந்தப் பகுதிக்கு என் கணக்கு ஒன்றே: மழைக்கு முன்னால் வேண்டாம். புரட்டாசியில் தடவிய கொழுப்பு அடுத்த இரண்டு மாதம் பூசணத்துக்கு இரையாகும். மழை ஓய்ந்து, தையில் காற்று காய்ந்த பிறகு, முதலில் உப்பையும் தூசியையும் துடைத்து, ஒரு நாள் நிழலில் உலர்த்தி, தேய்ந்த இடங்களைச் சொட்டுத் தண்ணீரால் கண்டுபிடித்து, அங்கே மட்டும். தொடர்ந்து மலைப்பாதையில் ஓட்டுபவர்கள் சாரல் காலம் முடிந்ததும், ஆவணி வெயிலில் இன்னொரு முறை சோதித்துப் பார்க்கலாம். சொட்டு முத்தாக நின்றால் டப்பாவைத் திறக்க வேண்டியதில்லை.